ரிலீஃப் புத்தகமும் ஆசிரியர் அறையும்

கொழும்பில் ஒரு பாடசாலை எப்படி நடக்கிறது என்று அறிய, அதிபரின் அறைச் சுவரில் தொங்கும் நிர்வாக வரைபடம் உதவாது. காலை 7.40க்குப் பிரதி அதிபரின் மேசையில் விரித்துக் கிடக்கும் ரிலீஃப் புத்தகத்தை, அதாவது வராத ஆசிரியரின் பாடவேளைக்கு யார் போவது என்று எழுதும் புத்தகத்தை, புரட்டிப் பாருங்கள்.

வரைபடத்தில் எல்லாம் நேர்கோடுதான்: அதிபர், பிரதி அதிபர், பகுதித் தலைவர், வகுப்பாசிரியர். அதற்கு மேலே, தேசிய பாடசாலைக்கு பத்தரமுல்லை இசுருபாயவிலுள்ள கல்வி அமைச்சு. மாகாணப் பாடசாலைக்கு, மேல் மாகாணக் கல்வித் திணைக்களம். அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தோடு 1987இல் வந்த பிரிவு. ஆசிரியர் அறையின் மனநிலைக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு. அதைத் தீர்மானிப்பது, இன்று வராதவரின் வகுப்புக்கு யாரை அனுப்புகிறார்கள் என்பது.

கணக்கைப் பார்ப்போம். நாம் பழகிய நேரசூசியில் 40 நிமிடப் பாடவேளை எட்டு, வாரத்துக்கு 40. முப்பது எடுக்கும் ஆசிரியருக்கு ஓய்வு பத்து, நாளுக்கு இரண்டு. அறுபது பேரில் ஆறு பேர் லீவு என்றால் நிரப்ப வேண்டியவை சுமார் 36. வந்திருக்கும் 54 பேரிடம் ஓய்வு 108. தாராளமாகப் போதும். ஆனாலும் தினமும் சண்டை. ஏனென்றால் 7.30க்கும் 7.45க்கும் இடையில் அவசரமாக எழுதும் கை, "சரி சேர்" என்று உடனே சொல்பவரின் பெயரைத்தான் தேடும். கல்வியியற் கல்லூரி முடித்துப் புதிதாக வந்தவர், மறுத்துப் பேசத் தெரியாதவர், இவர்கள் தலையில்தான் விழும். பிரதி அதிபரோடு தேநீர் குடிப்பவரின் பெயர் மாதக்கணக்கில் வராது. யாரும் வாய்விட்டு முறையிட மாட்டார்கள். இல்ல விளையாட்டுப் போட்டி வரும்போது பொறுப்பெடுக்க ஆள் இருக்காது, அப்போதுதான் தெரியும்.

செய்ய வேண்டியது கடினமில்லை. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே தவணை முழுவதற்குமான ரிலீஃப் எண்ணிக்கை. வெள்ளிக்கிழமை அதன் பிரதி ஆசிரியர் அறைப் பலகையில். ஒருவருக்கு ஒரு நாளில் ஒரு ரிலீஃப், மற்ற ஓய்வுவேளை அவருடையது. முதலில் அதே வகுப்புக்குப் படிப்பிப்பவரைப் பாருங்கள், பாடமாவது நகரும், பிறகு அதே பகுதி, பிறகுதான் மற்றவர்கள். இரண்டாவது ரிலீஃப் தவிர்க்கவே முடியாவிட்டால் மாணவத் தலைவனிடம் துண்டு கொடுத்தனுப்பாமல் நீங்களே போய்க் கேளுங்கள். இருவர் தங்களுக்குள் மாற்றிக்கொண்டால் இருவரும் கையொப்பமிடட்டும், தடுக்காதீர்கள். எண்ணிக்கையில் நட்பு நுழையக்கூடாது. கேட்பதிலும் மாற்றிக்கொள்வதிலும் நட்பில்லாமல் காரியம் ஆகாது.

வரவுப் புத்தகத்தில் பிந்தி வருபவர்களைப் பிரிக்கப் போடும் சிவப்புக் கோடும் இப்படித்தான். கரையோரப் பாதை ரயில் தாமதித்தால் பாணந்துறைப் பக்கமிருந்து வருபவர்கள் மொத்தமாகப் பிந்துவார்கள். வேண்டியவர் வாசலில் வருகிறார் என்று பேனையை ஐந்து நிமிடம் பிடித்து வைத்திருப்பதை அறையிலுள்ள எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். ஒரே நேரத்துக்குக் கோட்டைப் போட்டுவிட்டு, பிந்தியவரைத் தனியே அழைத்துப் பேசுவதே மேல். மாதத்துக்கு இரண்டு ஷோர்ட் லீவ் (சிறிது நேர விடுப்பு) இருக்கிறது, அதில் சரிசெய்யலாம். கைக்குழந்தையை விட்டுவிட்டு வரும் டீச்சர் வாரத்தில் மூன்று நாள் பிந்துகிறார் என்றால் அது கோட்டில் தீராது. நேரசூசி போடும்போதே முதல் பாடவேளையை வேறொருவருக்குக் கொடுத்திருக்க வேண்டும். நேரசூசிக் குழுவில் ஆட்களின் வீட்டு நிலை தெரிந்த ஒரு மூத்த ஆசிரியை இருப்பது, மென்பொருள் தெரிந்த இருவர் இருப்பதைவிடப் பெறுமதி என்பது என் அபிப்பிராயம்.

பெற்றோர் விடயம் வேறு தலையிடி. பழைய மாணவர் சங்கத்தில் ஆளைப் பிடித்து நேரே அதிபரிடம் போவது நம் ஊர்ப் பழக்கம். அதிபர் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "வகுப்பாசிரியரிடம் சொன்னீர்களா?" இல்லையென்றால் அங்கே அனுப்பலாம், சிறுவர் பாதுகாப்பு விடயமானால் மட்டும் அப்போதே எடுக்க வேண்டும். ஆசிரியரை அழைத்து விசாரிப்பது பெற்றோர் போன பிறகு. வகுப்பு வட்ஸ்அப் குழுவில் முறைப்பாட்டுக்குப் பதில் எழுதவே வேண்டாம், அறிவித்தலோடு நிறுத்துங்கள்.

தவறு ஆசிரியருடையதே என்றாலும் எடுத்த எடுப்பில் பாடசாலையின் நிரந்தரப் பதிவேடான லொக் புத்தகத்தைத் திறக்காதீர்கள். முதலில் வாய்மொழி, பிறகு கடிதம், அதற்கும் பிறகே அது. அதில் ஏறியது அழியாது, எழுதிய அதிபர் மாற்றலாகிப் போன பின்னும் அங்கேயே இருக்கும். பிரதி அதிபர் மாற்றலாகும்போதோ, யார் யாரிடம் எதைக் கேட்கலாம் என்ற விபரமும் அவரோடு போய்விடும். ஆகவே கையளிப்பு நாளில் சாவிக்கொத்தோடு ரிலீஃப் எண்ணிக்கைப் பக்கத்தையும் ஒப்படைத்து, புதியவரை ஒரு வாரமாவது அந்த மேசையில் பக்கத்தில் இருத்தி எழுதவிடுங்கள்.