நிறம் போன பிறகு மீதி வேலை

திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் பருத்தித் துணிக்கு ஓடுவது பெரும்பாலும் ரியாக்டிவ் சாயம், அதாவது நூலோடு வேதிமுறையில் பிணையும் வகை. அடர் நிறம் என்றால் லிட்டருக்கு 60, 80 கிராம் உப்பு, அதற்கு மேல் சோடா. இவ்வளவு போட்டும் சாயத்தில் ஏறக்குறைய கால் பங்கு துணியில் ஏறாமல் கழிவோடு இறங்கிவிடும். சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்பேட்டும் போட்டால் அந்த நிறம் அடியில் படியும், அழியாது. தண்ணீரில் இருந்த சாயம் ஸ்லட்ஜ் (படிந்த சேறு) மூட்டைக்குள் போய்க் கொட்டகையில் கிடக்கும். குறைந்த செலவில் சாய மூலக்கூறையே உடைக்க வேண்டுமென்றால் பாக்டீரியாவிடம்தான் போக வேண்டும்.

இந்தச் சாயங்களில் பெரும்பாலானவற்றின் நிறம், இரண்டு நைட்ரஜன் அணுக்கள் இணைந்த அசோ பிணைப்பில் இருக்கிறது. சூடோமோனாஸ், பேசில்லஸ் போன்றவை ஆக்சிஜன் இல்லாத இடத்தில் அதை வெட்டும். காற்று இருந்தால் எலக்ட்ரானை ஆக்சிஜனுக்கே கொடுத்துவிட்டுச் சாயத்தைத் தொடாது. எனவே முதல் தொட்டியில் காற்று கூடாது. மெதுவாகக் கலக்கினால் போதும். தண்ணீரின் ஆக்சிஜனேற்ற-ஒடுக்க நிலையைக் காட்டும் ஓ.ஆர்.பி. மீட்டர் சுமார் மைனஸ் 150 மில்லிவோல்ட்டுக்குக் கீழே வந்தால் நிறம் நன்றாக உடையும். மைனஸ் 250-க்குக் கீழே இறங்க விடக் கூடாது. கிளாபர் உப்பு (சோடியம் சல்பேட்) ஓடும் ஆலைத் தண்ணீரில் சல்பேட் நிறைய. அவ்வளவு கீழே போனால் அது ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாறத் தொடங்கும். அழுகிய முட்டை நாற்றம் வந்து பிறகு நின்றுபோனால் இன்னும் ஆபத்து, அளவு கூடும்போது அந்த வாயு மூக்கை மரத்துப்போகச் செய்யும். வாயுமானி இல்லாமல், வெளியே ஆள் நிற்காமல் யாரையும் தொட்டிக்குள் இறக்கவே கூடாது.

சாயம் மட்டுமே பாக்டீரியாவுக்கு உணவாகிவிடாது. நெசவுத் துணியில் கஞ்சி இருக்கும், அதுவே தீனி. பின்னல் துணியில் கஞ்சி கிடையாது. நடுநிலையாக்கப் போட்ட அசிட்டிக் அமிலம்தான் ஓரளவு உதவும். அது போதாத நாட்களில் கொஞ்சம் மொலாசஸ் (சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு) சேர்க்க வேண்டும். தொடக்கத்தில் பாக்கெட்டில் வரும் பாக்டீரியா பவுடரை நம்புவதைவிட, நன்றாக ஓடும் சாயக்கழிவு நிலையத்தின் ஸ்லட்ஜைக் கொண்டுவந்து போடுவது மேல். அது உப்புக்கு ஏற்கெனவே பழகியது.

பலர் ஏமாறும் இடம் அடுத்தது. முதல் தொட்டியைத் தாண்டிய தண்ணீர் வெளிர் மஞ்சளாகத் தெளிந்து வரும். அதை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்துத் திறந்து வையுங்கள். சில சாயங்களில் காற்றுப் படும் மேற்பரப்பிலிருந்து பழுப்பு மெல்லக் கீழே இறங்கும். பிணைப்பு அறுந்து உருவான அரோமாட்டிக் அமின்கள் காற்றுப் பட்டு நிறம் மாறுவதுதான் அது. இந்த அமின்களில் சிலவற்றின் நச்சு சாயத்தைவிடக் கூடுதல். சி.ஓ.டி. (கழிவை வேதிமுறையில் எரிக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்) பார்த்தால் பெரிதாகக் குறைந்திருக்காது. இவற்றை அழிக்க இரண்டாவது தொட்டியில் நிறையக் காற்று வேண்டும்: கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராம், எம்.எல்.எஸ்.எஸ். (தொட்டியில் மிதக்கும் ஸ்லட்ஜின் அளவு) லிட்டருக்கு 3000 முதல் 4000 மில்லிகிராம். நிறம் போய்விட்டதே என்று ப்ளோயர் (காற்று ஊதும் இயந்திரம்) மின்சாரத்தில் மிச்சம் பிடித்தால், அந்த அமின்கள் நேராக உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. மெம்பரேனுக்குப் (சவ்வுக்கு) போகும்.

சாயக்கழிவில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் குறைவு. பி.ஓ.டி. (கழிவைத் தின்ன பாக்டீரியாவுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன்) 100-க்கு நைட்ரஜன் 5, பாஸ்பரஸ் 1 என்பது கணக்கு. பி.ஓ.டி. லிட்டருக்கு 500 மில்லிகிராம் உள்ள 1 லட்சம் லிட்டருக்கு டி.ஏ.பி. உரம் இரண்டரை கிலோ, யூரியா நாலரை கிலோ. தண்ணீரில் ஏற்கெனவே இருப்பதைப் பரிசோதித்துக் கழித்துக்கொள்ள வேண்டும். உதாரணமாக, பிரின்டிங் பிரிவில் ஓடும் யூரியா.

தொட்டி படுத்துவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது பிளீச்சிங் தண்ணீர். மிச்சமிருக்கும் பெராக்சைடு ஆக்சிஜனை விட்டுக்கொண்டே இருக்கும், ஓ.ஆர்.பி. ஏறும், நிறம் அப்படியே நிற்கும். பிளீச்சிங் கழிவைத் தனியாகப் பிடித்து, சோதனை ஸ்ட்ரிப்பில் பெராக்சைடு இல்லை என்று பார்த்த பிறகே சமன்தொட்டிக்கு (எல்லாக் கழிவும் முதலில் கலக்கும் தொட்டி) விட வேண்டும். பி.ஹெச். 10, 11-ல் வருவதை 8-க்குக் கீழே கொண்டுவர வேண்டும். டர்க்காய்ஸ் (பச்சை கலந்த நீலம்) சாயம் ஓடும் நாளில் பாக்டீரியாவைக் குறை சொல்லிப் பயனில்லை. அது தாமிரம் கொண்ட தாலோசயனின், அதில் வெட்ட அசோ பிணைப்பே இல்லை. அதை வேதிமுறையிலோ ஓசோனிலோதான் எடுக்க வேண்டும்.

உப்பைப் பாக்டீரியா குறைக்காது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் ஆலைகளை மூடச் சொன்ன பிறகு ஒரு சொட்டும் வெளியே விடாத முறை கட்டாயமாகப் பின்பற்றப்படுகிறது, உப்புக்கு ஆர்.ஓ.வும் ஆவியாக்கியும்தான் வழி.

தீபாவளிக்கு ஆலைகள் மூடி வரத்து நின்றால் பாக்டீரியா பட்டினியில் கரைந்துபோகும். மூடும் முன்பே சமன்தொட்டியை நிரப்பி வைத்து, தினமும் கொஞ்சம் தண்ணீர், கொஞ்சம் மொலாசஸ் கொடுத்து, ப்ளோயரை இடைவெளி விட்டு ஓட்ட வேண்டும். திறந்த முதல் நாள் முழு வரத்தையும் விடாமல், கால் பங்கில் தொடங்கிப் படிப்படியாக ஏற்ற வேண்டும்.