மலை ரோட்டில் ஓடும் பைக்கைக் கழுவும்போது

ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறி வந்த கையோடு பைக்கில் தண்ணீரைப் பாய்ச்சாதீர்கள், என்ஜினும் சைலன்சரும் முதலில் ஆறட்டும். தோட்டத்து ரோட்டுச் சேற்றை நன்றாக ஊறவிட்டுக் கழுவினால் பெயிண்டில் கீறல் குறையும். சர்வீஸ் ஸ்டேஷனில் சக்கர பேரிங் பக்கம் பிரஷர் தண்ணீர் அடிக்க நான் விடுவதே இல்லை, உள்ளே தண்ணீர் போனால் கிரீஸ் கெட்டுவிடும். செயினுக்கு மண்ணெண்ணெயும் பிரஷும் போதும், துடைத்துக் காயவைத்து 90 நம்பர் கியர் ஒயில் விடுங்கள், ஆனால் என்ஜினை ஓடவிட்டுச் செயினில் துணியைப் பிடிக்கவே வேண்டாம், விரல் போய்விடும்! சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். பிரேக் டிஸ்க்கில் ஒயில் படக்கூடாது. அப்புறம், நனைந்த பிரேக் உடனே பிடிக்காது, அதனால் இறக்கத்தில் இறங்குவதற்கு முன்பே சமதரையில் மெதுவாக ஓட்டி இரண்டு பிரேக்கையும் சில தடவை பிடித்துப் பாருங்கள்.