வன்னியில் நாய்க்குட்டி: விடியும்வரை காத்திருக்கக்கூடியவையும் கூடாதவையும்

துணுக்காய், ஒட்டுசுட்டான், மடுப் பக்கங்களில் நாய்க்குட்டி வளர்ப்பவருக்கு முதற் கவலை தூரம். இரவு பத்து மணிக்குக் குட்டி சத்தி எடுக்கத் தொடங்கினால், அந்த நேரத்தில் ஒரு மிருக வைத்தியரைத் தேடிப் பிடிப்பது லேசான காரியமில்லை. அரச கால்நடை வைத்திய அலுவலகங்களுக்கு மாடு, ஆடு, கோழி என்று ஏற்கெனவே நிறைய வேலை. அதுவும் அலுவலக நேரத்தில்தான். ஆகவே இங்கே குட்டி வளர்க்கிறவருக்கு எது விடியும்வரை காத்திருக்கும், எது காத்திருக்காது என்று தெரிந்திருக்க வேண்டும். அழுகை, கடி, வீட்டுக்குள் மூத்திரம் எல்லாம் காத்திருக்கும். சில நோய்கள் ஓர் இரவுகூடத் தராது. குட்டியை வீட்டுக்குக் கொண்டுவர முன்னரே கிளிநொச்சியிலோ, முல்லைத்தீவிலோ, வவுனியாவிலோ, மன்னாரிலோ உங்களுக்குக் கிட்டிய மிருக வைத்தியரின் தொலைபேசி இலக்கத்தை வாங்கி வையுங்கள். நாய்க்குச் சேலைன் ஏற்றுவாரா, ஞாயிற்றுக்கிழமை பார்ப்பாரா என்றும் கேட்டு வையுங்கள்.

ஊரில் குட்டிகளை நாலு, ஐந்து கிழமையிலேயே கொடுத்துவிடுகிறார்கள். "ரெண்டு மாதம் ஆயிட்டுது" என்பார்கள். வாயைத் திறந்து பாருங்கள். பாற்பற்கள் 3 முதல் 4 கிழமையில் முளைக்கத் தொடங்கி, 8 கிழமையளவில் ஏறத்தாழ 28 பல்லும் வந்துவிடும். முன்பற்கள் மட்டும் அரும்பி, கடைவாய் ஈறு வெறுமையாக இருந்தால் அந்தக் குட்டி இன்னும் தாயோடு இருக்கவேண்டியது. உடன்பிறந்த குட்டிகளைக் கடித்து, திருப்பிக் கடி வாங்கித்தான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்று அது பழகும். அந்த மூன்று, நான்கு கிழமையை இழந்த குட்டிகள்தான் பிறகு பிள்ளைகளின் கையைக் குதறுகின்றன. கொடுப்பவரிடம் இன்னும் கொஞ்ச நாள் வைத்திருக்கச் சொல்லிக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சாப்பாட்டில் நடக்கிற முதல் பிழை பால். மாட்டுப்பாலிலும் பால்மாவிலும் உள்ள லக்ரோஸ் என்ற பாற்சீனி பல குட்டிகளுக்குச் செரிக்காது. வயிற்றோட்டம் வரும், அதை நோய் என்று பயந்து அலைவோம். இரண்டாவது பிழை வெறும் சோறும் குழம்பும். குழம்பில் உள்ள வெங்காயமும் உள்ளியும் நாயின் சிவப்பு அணுக்களை உடைக்கும். குழைய வேகவைத்த சோறு பாதி. உப்புப் போடாமல் அவித்து முள், எலும்பு எடுத்த மீன் அல்லது கோழி அல்லது முட்டை பாதி. அதோடு ஒரு கரண்டி மசித்த பூசணி. இது 2 மாதக் குட்டிக்கு நல்ல சாப்பாடு. ஆனால் எலும்பில்லாத இறைச்சியிலும் சோற்றிலும் கல்சியம் மிகக் குறைவு. மாதக்கணக்கில் இதையே கொடுத்தால் முன்னங்கால் வளையும், பாதம் தட்டையாகும். முட்டைக்கோதைக் கழுவி, காயவைத்து, விரலில் நெருடாத அளவுக்கு மாவாக இடித்து, அரைக்கிலோ இறைச்சிக்கோ மீனுக்கோ அரைத் தேக்கரண்டி கலந்துவிடுங்கள். குட்டிகளுக்கென்று விற்கிற பெட்டிச் சாப்பாடு கொடுப்பவர்களுக்கு இந்தத் தூள் வேண்டாம். அதில் கல்சியம் கணக்காக இருக்கிறது. 3 மாதம் வரை ஒரு நாளைக்கு நான்கு வேளை, 6 மாதம் வரை மூன்று வேளை, பிறகு இரண்டு. மிகச் சின்னக் குட்டி ஒரு வேளை சாப்பிடாமல் விட்டுத் தள்ளாடினால் சீனி குறைந்திருக்கலாம். காட்டுத்தேனோ சீனிக் கரைசலோ விரலில் தொட்டு ஈறில் தடவிவிட்டு, சூடாக வைத்துக்கொண்டு வைத்தியரிடம் போங்கள்.

முதுகெலும்பு தெரிய, வயிறு மட்டும் பானையாக இருக்கிற குட்டிக்குச் சாப்பாடு கூடவில்லை, பூச்சி கூடியிருக்கிறது. வட்டப்புழு தாயின் வயிற்றிலேயே குட்டிக்குத் தொற்றிவிடும். கொக்கிப்புழு பாலோடு போகும். அதனால் வெளியே விடாத குட்டிக்கும் பூச்சி இருக்கும். 2 கிழமை வயதிலிருந்து 12 கிழமை வரை இரண்டு கிழமைக்கு ஒரு தடவை, பிறகு 6 மாதம் வரை மாதம் ஒரு தடவை பூச்சி மருந்து கொடுக்கவேண்டும். அளவு நிறையைப் பொறுத்தது. கண்மதிப்பில் கொடுக்காமல் பையில் போட்டுத் தராசில் தூக்கிப் பாருங்கள். பிள்ளைகளுக்குக் கொடுக்கிற பூச்சிக் குளிசையை உடைத்துக் கொடுக்கவேண்டாம். கொக்கிப்புழு இரத்தம் குடிக்கும், ஈறு வெளிறும். எங்கள் மணல் நிலத்தில் அதன் குடம்பிகள் வெறுங்காலாலும் ஏறும். பிள்ளைகளின் பாதத்தில் கோடு கோடாக ஊர்ந்து அரிப்பது அதனால்தான். குட்டியின் மலத்தை அன்றன்றைக்கே அள்ளிப் புதையுங்கள்.

இனி, காத்திருக்காத நோய். பார்வோ என்ற வைரஸ் நோய். ஊரில் இரத்தக் கழிச்சல் என்று பொதுவாகச் சொல்லிக் குட்டிகள் சாகிறதில் பெரும் பங்கு இதுதான். தடுப்பூசி போடாத, 6 கிழமைக்கும் 6 மாதத்துக்கும் இடைப்பட்ட குட்டிகளைத்தான் அதிகம் பிடிக்கும். கிருமி உள்ளே போய் 3 முதல் 7 நாளில் தொடங்கும். முதலில் சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பும், மூலையில் படுக்கும். பிறகு நுரையாகவோ மஞ்சளாகவோ சத்தி. அடுத்த சில மணித்தியாலங்களில், சிலவேளை அடுத்த நாள், தண்ணீர் போன்ற வயிற்றோட்டம். அதில் இரத்தம் கலந்து மூக்கைப் பொத்தவைக்கிற ஒரு நாற்றம் வரும். கிருமி குடலின் உள்தோலையும் எலும்பு மச்சையையும் சேர்த்தே தாக்குகிறது. குடலிலிருந்து நீர் வெளியேற, இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் விழ, குடற் கிருமிகள் இரத்தத்துக்குள் போகின்றன. இரண்டு, மூன்று நாளில் எல்லாம் முடிந்துவிடக்கூடும்.

கிருமியைக் கொல்லும் மருந்தைத் தேடி அலைந்து நேரத்தைத் தொலைக்கவேண்டாம். நரம்பில் சேலைன், சத்தியை நிறுத்தும் ஊசி, மற்றக் கிருமிகளுக்கு அன்டிபயோட்டிக் இவற்றால் குட்டியைத் தாக்குப்பிடிக்க வைப்பதுதான் வைத்தியம். நேரத்துக்குக் கொண்டுபோனால் பெரும்பாலான குட்டிகள் தப்பும். வீட்டில் வைத்தால் பெரும்பாலும் தப்பாது. மஞ்சளும் வேப்பிலையும் இதை மாற்றாது. வயிற்றோட்டத்தைக் கட்டுகிற மனிதக் குளிசையும் வேண்டாம், பனடோல் அறவே வேண்டாம். பிடரித் தோலை இழுத்து விடுங்கள். உடனே படியாமல் கூடாரமாக நின்றால் உடலில் நீர் வற்றிவிட்டது. வாகனம் வரும்வரை சத்தி நின்றிருந்தால் மட்டும் ஜீவனியை (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கிற தூள்) கரைத்து, 10 நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டி நாக்கில் விடுங்கள். சத்தி எடுத்துக்கொண்டிருக்கிற குட்டிக்குப் பருக்கினால் மூச்சுக்குழாய்க்குள் போகும். கொண்டுபோகும்போது தனிப் பெட்டியில் வையுங்கள். வைத்தியரின் வாசலில் மற்றக் குட்டிகளுக்குக் கிட்டக் கொண்டுபோகவேண்டாம்.

குட்டி செத்தாலும் பிழைத்தாலும் கிருமி வளவில் இருக்கும். நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் மாதக்கணக்கில், ஒரு வருடம்வரைகூட உயிரோடு கிடக்கும். செருப்பிலும் மோட்டார் சைக்கிள் சில்லிலும் அடுத்த வீட்டுக்குப் போகும். சவர்க்காரமும் வழமையான தொற்றுநீக்கிகள் பலவும் இதைக் கொல்லாது. உடுப்பு வெளுக்கிற குளோரின் திரவம் ஒரு பங்கு, தண்ணீர் 30 பங்கு கலந்து, அழுக்கைக் கழுவிய பிறகு சீமெந்துத் தரையில் ஊற்றி 10 நிமிடம் விடவேண்டும். மண்ணுக்கு அது வேலை செய்யாது. அந்த வளவுக்குள் தடுப்பூசி முடியாத புதுக் குட்டியைக் கொண்டுவருவது, எவ்வளவு ஆசையாக இருந்தாலும், அந்த உயிருக்குச் செய்கிற அநியாயம்.

தடுப்பூசி 6 முதல் 8 கிழமையில் தொடங்கி, 3 அல்லது 4 கிழமைக்கு ஒரு தடவை, 16 கிழமை ஆகும்வரை போடப்படும். "ஒரு ஊசி போட்டனாங்கள், பிறகேன் செத்தது?" என்ற கேள்வி அடிக்கடி வரும். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும்வரை ஊசி மருந்தையும் அது அழித்துவிடும். அது எந்தக் கிழமையில் குறையும் என்று குட்டிக்குக் குட்டி வேறுபடும். அதனால்தான் திரும்பத் திரும்பப் போடுகிறோம்; கடைசி ஊசி 16 கிழமையில் அமைவதுதான் மிக முக்கியம். இன்னொரு காரணம் வெயில். இந்த மருந்து 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் இருக்கவேண்டியது. மருந்துக் கடையில் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு புதுக்குடியிருப்புக்கு பஸ்ஸில் வந்தால், போத்தலில் மிஞ்சுவது நம்பிக்கை மட்டும். வைத்தியர் தன் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்துப் போடுவதே நல்லது. நீங்கள்தான் கொண்டுபோக வேண்டுமென்றால் பனிக்கட்டி போட்ட வாயகன்ற பிளாஸ்கில், போத்தல் பனியில் நேரே முட்டாமல் கடதாசியில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள்.

இரவில் ஓட வேண்டிய வேறு சிலவும் உண்டு. எந்த நோய்க்கும் முதலில் ஈறைப் பாருங்கள். நல்ல குட்டியின் ஈறு ரோசாவாக, ஈரமாக இருக்கும். விரலால் அழுத்தி விட்டால் இரண்டு செக்கனுக்குள் நிறம் திரும்பும். வெளிறியோ மஞ்சளாகவோ இருந்து, மூத்திரம் கறுத்த தேயிலைச் சாயம் போல் போனால் அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கக்கூடும். வாயால் வீணீர் வடிந்து, உடம்பு நடுங்கி, கண்மணி சுருங்கினால் வயலுக்கு அடிக்கிற பூச்சிநாசினி. எலி மருந்து தின்ற குட்டி முதல் இரண்டு, மூன்று நாள் விளையாடிக்கொண்டே இருக்கக்கூடும். இரத்தம் உறையாமல் ஒழுகத் தொடங்குவது பிறகுதான். ஆகவே தின்றதைக் கண்டால் நோய்க்குறி தெரியும்வரை இருக்காமல், மருந்துப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போங்கள். உப்புத் தண்ணீர் பருக்கிச் சத்தி எடுக்க வைக்கிற பழக்கம் ஆபத்து. புடையனோ நாகமோ கடித்தால் கட்டுப் போடாமல், வெட்டாமல், குட்டியை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். மாரியில் தேரையைக் கவ்வி நுரை தள்ளினால் வாயைப் பக்கவாட்டாகத் தாழ்த்திப் பிடித்துத் தண்ணீரால் கழுவுங்கள். வலிப்பு வந்தால் வைத்தியரிடம்.

உண்ணிக்கு மண்ணெண்ணெயும் வயல் மருந்தும் பூசுவது எங்கள் பக்கத்தில் இன்னமும் நடக்கிறது. உண்ணியோடு குட்டியும் போய்விடும். நாயில் காண்கிற உண்ணி கொஞ்சம்தான்; மிச்சமெல்லாம் சுவர் வெடிப்பிலும் கதவு நிலையிலும் சாக்குக்கு அடியிலும் இருக்கிறது. காதுக்குள், விரலிடுக்கில், கழுத்துப் பட்டிக்குக் கீழே தினமும் தடவிப் பார்த்து, இடுக்கியால் தோலோடு ஒட்டப் பிடித்து நேரே இழுத்து, சவர்க்காரத் தண்ணீர்ப் போத்தலில் போடுங்கள். கையால் நசுக்கவேண்டாம். துளி மருந்துகளும் குளிசைகளும் பெரும்பாலும் 8 கிழமைக்கு மேற்பட்ட குட்டிகளுக்கே; பெட்டியில் உள்ள வயதையும் நிறையையும் பாருங்கள். படுக்கிற சாக்கைக் கொதிநீரில் போட்டு எடுப்பதும் வெடிப்பைச் சாந்தால் பூசுவதும் மருந்தளவுக்குப் பயன் தரும்.

கட்டில்லாத தோட்டக் கிணறு, மூடாத மலசலகூடக் குழி இரண்டையும் குட்டி வர முன்னர் தகரமோ வலையோ போட்டு அடையுங்கள். முதலை உள்ள குளங்களின் கரையில் குளிக்கவார்க்க வேண்டாம்.

இப்போது காத்திருக்கக்கூடியவை. முதல் இரவுகளில் குட்டி அழும். அதற்குப் பயமும் குளிரும்தான் காரணம். பழக்கம் கெட்டுவிடும் என்று வெளியே மரத்தில் கட்டினால் நரிக்கும் தெருநாய்க்கும் அகப்படும். உங்கள் படுக்கைக்குப் பக்கத்தில் பெட்டியில் போட்டு, தாயின் மணமுள்ள பழந்துணி ஒன்றை வையுங்கள். நடு இரவில் அழுதால் ஒரு தடவை வெளியே தூக்கிப்போய் மூத்திரம் போகவிட்டு, விளையாடாமல் திரும்பப் படுக்க வையுங்கள். 2 மாதக் குட்டியால் பகலில் இரண்டு, மூன்று மணித்தியாலத்துக்கு மேல் அடக்க முடியாது. நித்திரையால் எழும்பியதும், சாப்பிட்டு 5 முதல் 30 நிமிடத்துக்குள்ளும், விளையாடி முடிந்ததும் வளவில் ஒரே இடத்துக்குக் கொண்டுபோங்கள். மூத்திரம் போன உடனே, அந்த இடத்திலேயே பாராட்டுங்கள். மூக்கைத் தேய்த்து அடித்தால், கட்டிலுக்குக் கீழே ஒளித்துப் போகப் பழகும்.

கடியும் அப்படித்தான். 4 மாதத்தில் பல் மாறத் தொடங்கும், 6 அல்லது 7 மாதத்தில் 42 பல்லும் வந்துவிடும். பல் தோலில் பட்டவுடன் விளையாட்டை நிறுத்தி, அரை நிமிடம் எழும்பிப் போங்கள். வீட்டில் எல்லாரும் ஒரே மாதிரிச் செய்தால்தான் பலிக்கும். அப்பா நிறுத்த, தம்பி கையைக் கொடுத்து விளையாடினால் பலிக்காது. நனைத்து முறுக்கி உறையவைத்த துணியைக் கடிக்கக் கொடுத்தால் ஈறு நோ குறையும்.

3 முதல் 14 கிழமை வரை குட்டி கண்டதெல்லாம் பிறகு பயமில்லாததாகும். தடுப்பூசி முடியவில்லை என்று வீட்டுக்குள் பூட்டி வைத்தால் அந்தக் காலம் போய்விடும். தரையில் விடாமல் கையில் தூக்கிக்கொண்டு உழவு இயந்திரச் சத்தம், பள்ளிப் பிள்ளைகள், மாடுகள், கோயில் மணி எல்லாவற்றையும் தூரத்திலிருந்து காட்டுங்கள். குட்டியின் கயிற்றை உங்கள் இடுப்பில் கட்டிக்கொண்டு, கோழிகளைப் பார்க்கப் பழக்குங்கள். ஒரு தடவை துரத்திப் பிடித்துவிட்டால் மறக்கடிப்பது கடினம். கழுத்துப் பட்டிக்கும் தோலுக்கும் இடையில் இரண்டு விரல் போகவேண்டும். குட்டி வளரும், பட்டி வளராது, ஆகையால் கிழமைக்கு ஒரு தடவை பாருங்கள்.

விசர்நாய்க்கடி நோய்த் தடுப்பூசி 3 மாதத்தில், பிறகு வருடாவருடம். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை ஊருக்கு ஊர் இலவசமாகப் போடுகிறது. எப்போது என்று உங்கள் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். அந்த நாளில் குட்டிக்கு 2 மாதம்தான் என்றாலும் கொண்டுபோங்கள். அப்படிப் போட்டால் 3 மாதம் தாண்டியதும் இன்னொன்று போடவேண்டும். எங்கிருந்தோ வந்த குட்டி பிள்ளையைக் கடித்தாலோ பல்லால் கீறினாலோ, சின்னக் குட்டிதானே என்று விடவேண்டாம். ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். குட்டியைக் கொன்றுவிடாமல் கட்டி வைத்துக் கவனியுங்கள். அது சாப்பிடுகிறதா, குணம் மாறுகிறதா என்று வைத்தியர் கேட்பார்.