ஜெரெஜாக் சேற்றில் நிற்காத நங்கூரம்

அதிகாலை நாலு மணிக்கு சுமத்ரா அடித்தது. பினாங்கில் கடலோரம் புழங்குகிறவர்களுக்கு அந்தக் காற்றை விளக்க வேண்டியதில்லை. மேற்கே கறுத்துக்கொண்டு வரும், பத்து நிமிடத்தில் எல்லாம் தலைகீழ். எங்கள் 28 அடிப் பாய்மரப் படகு பினாங்குக்கும் ஜெரெஜாக் தீவுக்கும் நடுவில் நங்கூரத்தில் நின்றிருந்தது. நிற்கிறது என்றுதான் நானும் மச்சானும் தூங்கிக்கொண்டிருந்தோம். எழுந்து பார்த்தால் குவீன்ஸ்பே மாலின் விளக்குகள் சின்னதாகியிருந்தன, ஜெரெஜாக் காட்டின் இருட்டு பெரிதாகியிருந்தது.

“மச்சான், போட்டு போய்க்கிட்டிருக்கு!”

இஞ்சினைப் போட்டு, மழையில் நனைந்தபடி முக்கால் மணி நேரம் காற்றுக்கு எதிராகவே படகைப் பிடித்து வைத்திருந்தோம். விடிந்ததும் நங்கூரத்தை இழுத்தோம். மேலே கூழ் மாதிரி சேறு வழிந்ததே தவிர, ஆழமாகப் புதைந்திருந்ததற்கு அடையாளமே இல்லை.

அது படகோடு வந்த பழைய நங்கூரம், 10 கிலோ, கலப்பை வடிவம். 1933-இல் ஜி. ஐ. டெய்லர் என்ற ஆங்கிலேய இயற்பியலாளர் காப்புரிமை வாங்கிய வடிவத்தின் ஏதோ ஒரு நகல். எல்லாப் பழியையும் அதன் தலையில் போட்டுவிடலாம் என்றுதான் முதலில் பார்த்தேன். ஆனால் தாளில் கணக்குப் போட்டபோது பாதிப் பழி என் மேல் விழுந்தது.

இரவு பத்து மணிக்கு, நீர் வற்றியிருந்த நேரத்தில், ஆழமானி 4 மீட்டர் காட்டியது. ஐந்து மடங்கு சங்கிலி விட வேண்டும் என்று படித்திருந்தேன், 20 மீட்டர் விட்டேன். மடங்கை எங்கிருந்து எண்ணுவது என்பதைத்தான் கவனிக்கவில்லை. சங்கிலி இறங்குவது படகின் முன்முனையிலிருந்து. அது தண்ணீருக்கு மேலே ஒரு மீட்டர். நாலு மணிக்குள் நீர் இரண்டு மீட்டர் ஏறிவிட்டது. ஆக 7 மீட்டருக்கு 20 மீட்டர், மூன்று மடங்குகூட இல்லை. அந்தக் கோணத்தில் சங்கிலி நங்கூரத்தை மேல்நோக்கிப் பிடுங்குமே ஒழிய, தரையோடு இழுத்துப் புதைக்காது. அன்று குறைந்தது 35 மீட்டர் விட்டிருக்க வேண்டும். சுமத்ரா வரும் என்று தெரிந்தால் ஏழு மடங்கு, 49.

மீதிப் பாதி, அடியில் இருக்கும் சேறு. பத்து உபான் படகுத்துறையில் வயதான மலாய் மீனவர் ஒருவரிடம் கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டு ஒரே வார்த்தை சொன்னார்: “செலுட்.” கால் வைத்தால் முழங்கால் வரை வாங்கும் குழைசேறு. அதில் எடை அவ்வளவாகப் பேசாது. நங்கூரத்தின் தட்டு எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம் போகிறது என்பதுதான் பேசும்.

அப்படியானால் அகலத் தட்டு இரண்டு கொண்ட டான்ஃபோர்த் வகையே போதுமே என்று மச்சான் கேட்டான். நியாயமான கேள்விதான், சேற்றில் அது நன்றாகப் பிடிக்கும். ஆனால் ஜெரெஜாக் கால்வாயில் நீரோட்டம் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை திசை மாறும், படகும் அதோடு திரும்பும். இழுவை எதிர்ப்பக்கம் மாறும்போது டான்ஃபோர்த் வெளியே வந்து, தன் தட்டிலேயே சங்கிலியைச் சுற்றிக்கொள்ளக் கூடும். நாம் தூங்கும்போது தானே திரும்பிப் புதையும் நங்கூரம்தான் எனக்கு வேண்டியிருந்தது. கடைசியில் நியூசிலாந்தில் வடிவமைத்த ராக்னா, குழிந்த தட்டும் மேலே வளையமும் உள்ளது, எங்கள் படகுக்குப் போதுமானதைவிட ஒரு அளவு பெரிதாக, 15 கிலோ. டான்ஃபோர்த் மாதிரியான ஃபோர்ட்ரஸ் அலுமினிய நங்கூரம் ஒன்றை அவசரத்துக்கு வைத்துக்கொண்டோம். அதன் தட்டுக் கோணத்தை வழக்கமான 32 டிகிரியிலிருந்து சேற்றுக்கென்று 45-க்கு மாற்றலாம்.

வாங்குவதற்கு முன் செய்த ஒரே புத்திசாலித்தனம், பழைய அட்டைப்பெட்டியை நங்கூரத்தின் அளவுக்கு வெட்டி முன்முனை உருளையில் வைத்துப் பார்த்தது. வளையம் முன்கம்பியில் இடித்தது. உருளையை நாலு விரல் முன்னே தள்ளிப் பொருத்திய பிறகுதான் ஆர்டர் கொடுத்தோம்.

சங்கிலி 8 மில்லிமீட்டர், மீட்டருக்கு ஏறக்குறைய 1.4 கிலோ. முழுக்கச் சங்கிலி போட்டால் சின்னப் படகின் மூக்கு தாழ்ந்துவிடும், அதனால் 40 மீட்டர் சங்கிலி, பின்னால் 30 மீட்டர் நைலான் கயிறு. நங்கூரத்தையும் சங்கிலியையும் இணைக்கும் ‘ப’ வடிவ இரும்புக் கொளுவி, அந்த ஷேக்கிளில் பாடம் படித்தேன். தடிமனாக இருந்தால் நல்லது என்று பெங்காலான் வெல்ட் பக்கம் ஒரு கடையில் பெரியதாக வாங்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் அதன் குறுக்காணி சங்கிலிக் கண்ணிக்குள் நுழையவில்லை! மறுநாள் இரண்டு கண்ணிச் சங்கிலியைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். எவ்வளவு சுமை தாங்கும் என்று உடம்பில் பொறிக்காத ஷேக்கிளை எல்லாம் ஒதுக்கி, பொறித்த ஒன்றை எடுத்து வந்து, குறுக்காணி கழன்றுவிடாமல் துருப்பிடிக்காத கம்பியால் கட்டினேன்.

கயிற்றின் மறுமுனை முன்பு சங்கிலிப் பெட்டிக்குள் ஒரு போல்ட்டில் துருப்பிடித்து ஒட்டிக் கிடந்தது. இப்போது அது டெக் வரை மேலே வரும் நீளத்தில் கட்டியிருக்கிறது. ஆபத்தில் கத்தியால் அறுத்துவிட்டு ஓடலாம்.

அதே இடத்துக்கு இரண்டு வாரம் கழித்துப் போனோம். நங்கூரத்தை இறக்கி, பின்னோக்கி மெதுவாகச் சங்கிலியைப் பரப்பி, இஞ்சினை ஓய்வில் விட்டு அரை மணி நேரம் தேநீர் குடித்தோம். குழைசேற்றில் அது தன் எடையில் இறங்க நேரம் கொடுக்க வேண்டும். உடனே பின்னால் இழுத்தால் சேற்றை வாரிக்கொண்டு வந்துவிடும். அப்புறம்தான் ரிவர்ஸை மெல்லக் கூட்டினேன். சங்கிலி மேல் கையை வைத்திருந்தேன். இழுபடும் நங்கூரம் அதில் தடதடக்கும். இதுவோ விறைத்து அமைதியாக நின்றது. கரையில் ஒரு விளக்குக் கம்பத்தையும் பின்னால் ஒரு கட்டடத்தின் மூலையையும் நேர்கோட்டில் வைத்துப் பார்த்தேன், இரண்டும் விலகவில்லை. போனில் நங்கூர அலாரத்தையும் வைத்தோம். இரவு நீரோட்டம் திரும்பியபோது படகும் திரும்பியது, அலாரம் வாயே திறக்கவில்லை.

காலையில் எடுத்தபோதுதான் வேறு தொல்லை. 35 மீட்டர் சங்கிலியும் கறுப்புச் சேறு, அழுகிய நண்டு நாற்றம். மச்சான் எட்டாவது வாளித் தண்ணீரை ஊற்றிக்கொண்டே, டெக் கழுவ ஒரு பம்ப் வாங்காமல் இனி வரமாட்டேன் என்றான்.