நிர்வாகச் சட்டத் தாள்: முதலில் தேதிக்கோடு போடுங்கள்

நேற்று மாலை முடிவு வந்தது. தேறிவிட்டேன். அம்மாவிடம் சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. எனக்கு இது இரண்டாவது முறை. சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகச் சட்டம் படிப்பவர்களுக்காக, மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

போன முறை என்னைக் கவிழ்த்தது ஒரே கேள்வி. உணவுக்கடை உரிமம் பற்றிய புதிய விதிமுறைகள். அமைச்சர் கையெழுத்திட்டது மார்ச் 3. அரசிதழில் வந்தது மார்ச் 10. ‘ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வரும்’ என்று விதிமுறையிலேயே ஒரு வரி. கடைக்காரர் பிடிபட்டது மார்ச் 25. நான் மார்ச் 10ஐப் பிடித்துக்கொண்டு, அவர் குற்றவாளி என்று இரண்டரைப் பக்கம் எழுதினேன். இன்டர்பிரிட்டேஷன் சட்டத்தின் (மற்ற சட்டங்களை எப்படிப் படிப்பது என்று சொல்லும் சட்டம்) 23ஆம் பிரிவு எனக்கு மனப்பாடம்தான், ஆனால் பாதி மட்டும். அரசிதழில் வெளியான நாளில் நடப்புக்கு வரும் என்பது சரி. விதிமுறையில் வேறு நாள் சொல்லியிருந்தால் அந்த நாள்தான் என்பதை விட்டுவிட்டேன். மீதி எல்லாம் அந்த ஒரு பிழைமேல் கட்டிய வீடு.

இந்த முறை, கேள்வியைப் படித்ததும் விடைத்தாளின் ஓரத்தில் ஒரு கோடு போட்டேன். கையெழுத்து, வெளியீடு, நடப்பு, குற்றம் என்று சொல்லப்படும் செயல். நான்கு புள்ளிகள். அதன் பிறகுதான் ஒரு வார்த்தை எழுதினேன். வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

கட்டுரைக் கேள்விக்கு வருவோம்: விதிமுறை வெளியாவதற்கும் நடப்புக்கு வருவதற்கும் இடையே கட்டாய இடைவெளி வேண்டுமா? பலர் அமெரிக்காவின் 1946ஆம் ஆண்டு நிர்வாக நடைமுறைச் சட்டத்தைச் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். குறைந்தது 30 நாள். தக்க காரணம் இருந்தால், அதை விதியோடு சேர்த்து வெளியிட்டுவிட்டு முன்கூட்டியே கொண்டுவரலாம். எனக்குப் பிடித்தது அந்த இரண்டாம் பாதிதான். நான் தேக்காவில் உள்ள அப்பாவின் சாப்பாட்டுக் கடையை மனத்தில் வைத்து எழுதினேன். சர்க்கிட் பிரேக்கர், அதாவது கடையில் உட்கார்ந்து சாப்பிடவும் தடை போட்ட கோவிட் கட்டுப்பாடு, அறிவிக்கப்பட்டது 2020 ஏப்ரல் 3, வெள்ளிக்கிழமை. நடப்புக்கு வந்தது 7ஆம் தேதி. சனிக்கிழமை அப்பா பொட்டல டப்பாக்களுக்காகக் கடை கடையாக ஏறி இறங்கினார். நோய் 30 நாள் காத்திருக்காது, அவருக்கும் அது தெரியும். ஆனாலும் அந்த நான்கு நாள் இல்லாவிட்டால் செவ்வாய்க்கிழமை கடை திறந்திருக்காது. அவசரம் இல்லாத விதிகளுக்கு ஒரு மாதமாவது கொடுக்க வேண்டும் என்று உறுதியாக எழுதினேன், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அப்புறம் சில:

- ஜான்சன் எதிர் சார்ஜண்ட் வழக்கை விடாதீர்கள். பயறு, பட்டாணி பற்றிய உத்தரவு 1917 மே 16இல் போடப்பட்டது, வெளியே தெரிந்தது 17இல். தெரிந்த பிறகே செல்லும் என்றது ஆங்கிலேய நீதிமன்றம்.
- முன்தேதியிட்ட விதி, அதோடு தண்டனை என்று வந்தால் உடனே அரசியலமைப்பின் 11ஆம் பிரிவு: செய்தபோது குற்றமாக இல்லாததற்குப் பின்னால் தண்டிக்கக் கூடாது.
- திறந்த புத்தகத் தேர்வுதானே என்று நம்பாதீர்கள். போன முறை என்னிடம் நாற்பது வண்ணத் தாள் ஒட்டிய கோப்பு இருந்தது, பக்கம் புரட்டவே நேரம் போனது. இந்த முறை இரண்டே பக்கம், என் கையெழுத்தில்.
- குழுவாகப் படிப்பது எனக்கு ஒத்துவரவில்லை. வேலை முடிந்து எம்ஆர்டி ரயிலில் தனியாக, ஈசூனிலிருந்து ராஃபிள்ஸ் பிளேஸ் வரைக்கும், ஒரு நாளைக்கு ஒரு பழைய கேள்வி. தேதிக்கோடு மட்டும் போட்டுப் பார்ப்பேன். விடை எழுத மாட்டேன்.