கிணற்றடிப் புளி: ஒட்டுசுட்டான் நாட்குறிப்பு

டிசம்பர் 9

மழை விட்ட காலை. கிணற்றடிப் புளியில், வேர் மண்ணைவிட்டு எழும் இடத்தில் உள்ளங்கை அகலக் காளான் ஒன்று. மேலே மெழுகு பூசியதுபோல் செம்பழுப்பு மினுக்கம், விளிம்பில் வெள்ளைக் கரை. வெளுத்த அடிப்பக்கத்தை நகத்தால் கீறினேன், கோடு பழுப்பாகியது. கீழிருந்த சருகெல்லாம் கொக்கோ தூவியதுபோல் அதன் வித்துத்தூள்.

டிசம்பர் 11

விவசாயப் போதனாசிரியர் வந்து பார்த்து, கனோடெர்மா என்ற பூஞ்சை என்றார். மண்வெட்டிப் பிடியால் அடிமரத்தைத் தட்டினார். வடக்கே கெட்டி, தெற்கே பானையைத் தட்டிய சத்தம். காளான் வெளியே தெரியுமுன்பே வேரும் அடிமரமும் நெடுநாள் அழுகியிருக்கும், தெளித்துக் குணமாக்க மருந்தில்லை என்றார். உச்சிக் கொப்புகள் பட்டதையும் இலை சிறுத்ததையும் போன வருடமே கண்டேன். வெயில் கொடுமை என்று நினைத்துத் தண்ணீர் மட்டும் ஊற்றினேன். மனம் ஆறவில்லை.

டிசம்பர் 14

2009 போரில் மரத்தில் பாய்ந்த எறிகணைத் துண்டு வழியாகத்தான் நோய் புகுந்தது என்கிறார் அம்மா. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் காயத்தைச் சுற்றி மரம் பட்டை திரட்டி மூடிவிட்டது; அங்கே தட்டினால் கெட்டி. தெற்குப் பக்கம்தான் நான் தண்ணீர்க் குழாய்க்காகக் கிடங்கு வெட்டி, தொடை மொத்த வேரை அறுத்த பக்கம். அதுவும் கார்த்திகை மழைக்குள். வெட்டிய ஈரமண்ணை அடிமரத்திலேயே குவித்தும் வைத்தேன்.

டிசம்பர் 20

ரொறன்ரோவிலிருந்து அக்கா பேசினார். அவர் வளவில் செவ்வோக் மரம் நிற்கிறது. அங்கே ஓக் வாடல் என்று வேறொரு பூஞ்சை நோய். கனடாவில் முதன்முதலில் 2023 இல் நயாகரா போல்ஸில் கண்டார்கள். மரத்துக்குள் நீர் ஏறும் குழல்கள் அடைபட்டு, இலை விளிம்பிலிருந்து கருகிக் கோடையிலேயே கொட்டும். செவ்வோக் சில வாரங்களிலேயே பட்டுப்போகும். பச்சைக் காயத்தின் வாசத்துக்கு வரும் சிறுவண்டுகள் பூஞ்சையின் வித்துத்தூளைக் கொண்டுவரும். பக்கத்து மரங்களின் வேர்கள் ஒட்டிக்கொண்டால் அந்த வழியாகவும் பரவும். அதனால் வசந்தத்திலும் கோடையிலும் கொப்பு வெட்டாமல், கடுங்குளிரில்தான் வெட்டுவார்களாம். இங்கே மாரியில் கத்தியை எடுத்த எனக்கு அதைக் கேட்கவே வலித்தது.

ஜனவரி 6

வீட்டுப்பக்கம் சாய்ந்திருக்கும் புளியை மாசி வெயிலில் ஆள் பிடித்து இறக்கவேண்டும். அடிக்கட்டையையும் அழுகிய வேரையும் தோண்டி எடுக்காவிட்டால் நோய் மண்ணுக்குள்ளேயே இருந்துவிடும். நெருப்பும் அடிமரத்தைக் காயப்படுத்தும் என்பதால், இனி எந்த மரத்தடியிலும் குப்பை கொளுத்த விடமாட்டேன்.

இன்று மாமரத்தடியில் குவிந்திருந்த மண்ணைக் கையால் அள்ளி விலக்கினேன். வேர் தொடங்கும் இடம் காய்ந்து, கெட்டியாக இருக்கிறது.