மேக்கனுக்காகக் கட்டிய ஷெட்

கலிஃபோர்னியாவின் சன்னிவேலுக்குப் பிள்ளைகள் வீட்டுக்கு வரும் எங்களைப் போன்ற அப்பா அம்மாக்களுக்கு ஒரு வழக்கமான சுற்று உண்டு. கோல்டன் கேட் பாலம், லிவர்மோர் கோயில், பெரிய கம்பெனி வாசல் ஏதாவது ஒன்றில் போட்டோ. மொஃபெட் ஃபீல்ட் என்ற பழைய கடற்படைத் தளம் அந்தச் சுற்றில் வராது. 101 நெடுஞ்சாலையில் போகும்போது சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பக்கம் கவிழ்த்துப் போட்ட தோணி மாதிரி பிரம்மாண்டமாக ஒன்று தெரியும். "அது பழைய நேவி ஹேங்கர்ப்பா" என்று மகள் சொல்லி முடிப்பதற்குள் கார் தாண்டிவிடும்.

பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் காலம் தள்ளியவன் நான். இவ்வளவு பெரிய ஷெட்டைக் கண்டுவிட்டுச் சும்மா இருக்க முடியுமா? நீளம் 1,133 அடி, அகலம் 308, உயரம் 198. எட்டு ஏக்கர் பரப்பு, நடுவில் ஒரு தூண் கிடையாது. கதவின் ஒரு மடல் மட்டும் 200 டன். ஒவ்வொன்றுக்கும் 150 குதிரைத்திறன் மோட்டார். வாசலில் காற்று சுழன்று அடிக்காமல் இருக்க, கதவுகளையே வளைவாகச் செய்திருக்கிறார்கள். உள்ளே ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தண்டவாளம்! அந்தக் காலத்தில் அது வெளியே மைதானம் வரைக்கும் நீண்டிருந்ததாம். அதன் மேல் ஓடியது ரயில் அல்ல, வாயு நிரப்பி வானில் மிதக்கும் ஆகாயக் கப்பலைக் கட்டி இழுக்கும் கம்பம். ஆக, இதுவும் ஒரு ஷண்டிங் வேலைதான்.

இத்தனையும் ஒரே ஒரு கப்பலுக்காக. பெயர் யுஎஸ்எஸ் மேக்கன். 785 அடி நீளம், ஹீலியம் நிரப்பியது. பிற்பாடு எரிந்துபோன ஜெர்மன் ஆகாயக் கப்பல் ஹிண்டன்பர்க்கைவிட ஏறக்குறைய 20 அடிதான் குறைவு.

தளம் இங்கே வந்ததற்கு முதல் தூண்டுதல் லாரா தேன் விப்பிள் என்ற ரியல் எஸ்டேட் பெண்மணி. சான்டியாகோக்காரர்கள் தங்கள் ஊருக்குக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். விரிகுடாச் சுற்றுவட்டார மக்கள் ஏறத்தாழ 4,80,000 டாலர் திரட்டி, 1,000 ஏக்கர் விளைநிலத்தை வாங்கி, 1931-இல் அரசாங்கத்துக்கு ஒரு டாலருக்குக் கொடுத்தார்கள். ஊரே வேலையில்லாமல் திண்டாடிய காலம் அது. இந்த ஒரு டாலர் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1933 ஏப்ரல் 12-இல் திறப்பு. அதற்கு எட்டு நாள் முன்னால்தான் மேக்கனின் அக்காக் கப்பல் ஆக்ரன், நியூ ஜெர்சி கடலில் புயலில் விழுந்தது. 76 பேரில் 73 பேர் போய்விட்டார்கள். ஆகாயக் கப்பல்களுக்காக அமெரிக்க அரசிடம் விடாமல் வாதாடிய ரியர் அட்மிரல் வில்லியம் மொஃபெட்டும் அதில் ஒருவர். மைதானத்துக்கு அவர் பெயர் வந்தது அப்படித்தான்.

அக்டோபரில் மேக்கன் வந்து சேர்ந்தது. அதன் வயிற்றுக்குள் ஸ்பாரோஹாக் என்ற குட்டிப் போர் விமானங்கள். மேல் இறக்கைக்கு மேலே ஒரு கொக்கி. விமானி கப்பலுக்கு அடியில் வந்து, அதன் வேகத்துக்குத் தன் வேகத்தைச் சரிசெய்து, தொங்கும் கம்பியில் கொக்கியை மாட்ட வேண்டும். அப்படியே உள்ளே தூக்கிக்கொள்வார்கள். கடலுக்கு மேலே போகும்போது சக்கரத்தையே கழற்றிவிட்டு, அந்த இடத்தில் கூடுதல் பெட்ரோல் டாங்க் வைத்தார்கள். கொக்கி மாட்டாவிட்டால் இறங்கத் தரையும் இல்லை, சக்கரமும் இல்லை. என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள். 1934 ஜூலையில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் போர்க்கப்பலில் ஹவாய் போய்க்கொண்டிருந்தார். மேக்கன் அவரை நடுக்கடலில் தேடிப் பிடித்தது. இந்தக் குட்டி விமானங்கள் அவருக்குச் செய்தித்தாள்களைப் போட்டுவிட்டு வந்தன. ரூஸ்வெல்ட்டுக்குச் சந்தோஷம். கடற்படை மேலதிகாரிகளுக்குத்தான் எரிச்சல்.

இனி எனக்கு வயிறு எரியும் பகுதி. 1934 ஏப்ரலில் டெக்சஸ் மேலே பறக்கும்போது வால் துடுப்புப் பக்கம் சட்டங்கள் முறிந்தன. அவசரத்துக்கு ஒட்டுப்போட்டார்கள். மேல் துடுப்பை முழுசாகப் பலப்படுத்தும் வேலை மட்டும் "வசதிப்படும்போது" என்று தள்ளிப்போனது. எங்கள் ஒர்க்‌ஷாப்பில் இதற்கு "அடுத்த பி.ஓ.எச்.சில் பார்த்துக்கலாம்" என்பார்கள்; பி.ஓ.எச். என்றால் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை செய்யும் முழுப் பராமரிப்பு. அந்த வாக்கியத்தைக் கேட்டாலே என் ஃபோர்மேனுக்கு முகம் சிவந்துவிடும். 1935 பிப்ரவரி 12 மாலை, பாயிண்ட் சர் முனைக்கு அப்பால், ஒரே காற்றில் அந்த மேல் துடுப்பே பிய்ந்தது. உடைந்த சட்டங்கள் வாயுப் பைகளைக் கிழித்தன. பாரத்தை மளமளவென்று கொட்டியதால் கப்பல் அளவுக்கு மீறி மேலே ஏற, ஹீலியமும் தானாக வெளியேற, மெதுவாகக் கடலில் வந்து உட்கார்ந்தது. 83 பேரில் 81 பேர் தப்பித்தார்கள். ஆக்ரனில் இல்லாத லைஃப் ஜாக்கெட்டுகள் இதில் இருந்தன. கேப்டன் ஹெர்பர்ட் வைலி, ஆக்ரனிலும் பிழைத்த மூவரில் ஒருவர்.

எட்டு ஏக்கர் ஷெட்டில் அது குடியிருந்தது பதினாறே மாதம்.

மிச்சக் கதை முழுக்க வாடகைக்கு வந்தவர்கள் கதை. அதே 1935-இல் தளம் ராணுவத்தின் கைக்குப் போனது. 1939-இல் பக்கத்திலேயே ஏம்ஸ் ஆய்வுக்கூடம் தொடங்கியது; நாசாவின் ஏம்ஸ் மையம் அதுதான். கல்பனா சாவ்லா விண்வெளிக்குப் போகும் முன் வேலை பார்த்த இடம். 1942-இல் கடற்படை திரும்பி வந்து, பிளிம்ப் என்ற, உள்ளே சட்டமில்லாத சிறிய ஆகாயக் கப்பல்களை வைத்து ஜப்பானிய நீர்மூழ்கிகளைத் தேடியது. போரில் இரும்புக்குத் தட்டுப்பாடு என்பதால் இரண்டாம், மூன்றாம் ஹேங்கர்களை மரத்தில் கட்டினார்கள். பிறகு ஜெட்டுகள், அப்புறம் பி-3 ஓரியன் என்ற கடல் ரோந்து விமானங்கள். 1973-இல் ஒரு ஓரியனும் நாசாவின் கான்வேர் 990 விமானமும் இறங்கும்போது மோதி, சன்னிவேல் கோல்ஃப் மைதானத்தில் விழுந்து 16 பேர் இறந்தார்கள். ஓடுபாதை எண்ணைக் கட்டுப்பாட்டு அறை மாற்றிச் சொன்னதுதான் காரணம். தேதி ஏப்ரல் 12, தளத்தின் நாற்பதாம் ஆண்டு நிறைவு.

1994 ஜூலையில் கடற்படை சாவியை நாசாவிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பியது. விட்டுப்போன சொத்தில் விஷமும் உண்டு. ஹேங்கரின் வெளித் தகட்டில் பிசிபி ரசாயனம், ஆஸ்பெஸ்டாஸ், ஈயம். மழையில் கரைந்து பக்கத்துச் சதுப்பு நிலத்துக்குப் போயிருக்கிறது. இடித்துவிடலாம் என்ற பேச்சு வந்தபோது ஊர்க்காரர்கள் விடவில்லை. 2012 வாக்கில் தகட்டை எல்லாம் உரித்து, வெறும் எலும்புக்கூடாக நிறுத்தினார்கள். 2014-இல் கூகுளின் துணை நிறுவனம் தளத்தை 60 வருஷக் குத்தகைக்கு எடுத்தது. தொகை 116 கோடி டாலர். ஹேங்கருக்குத் திரும்பத் தகடு போர்த்துவதும் ஒப்பந்தத்தில் அடக்கம். மக்கள் ஒரு டாலருக்குக் கொடுத்த நிலம்! மருமகனிடம் சொன்னேன். "மாமா, இங்க வீட்டு வெலயே அப்படித்தான் ஏறியிருக்கு" என்கிறார்.

இப்போது ஆகாயக் கப்பல் இங்கே மறுபடி வந்திருக்கிறது. கூகுள் நிறுவனர்களில் ஒருவரான செர்ஜி பிரின் பணத்தில் உருவான பாத்ஃபைண்டர் 1. ஹீலியம்தான், 124 மீட்டர் நீளம். மேக்கனில் பாதியைவிடச் சற்றே அதிகம்.

போய்ப் பார்க்க விரும்பும் பெற்றோர்களுக்கு: கேட்டுக்குள் நினைத்தபடி நுழைய முடியாது. ஸ்டீவன்ஸ் க்ரீக் நடைபாதையிலிருந்து நன்றாகத் தெரியும். விரிகுடா ஓரப் பாதையில் நடந்தால் ஓடுபாதையின் வடக்கு முனைக்கே போய்விடலாம். நிழலே கிடையாது, காற்று பலமாக அடிக்கும், தொப்பி பறந்துவிடும். தண்ணீர் பாட்டிலை மறக்க வேண்டாம்.